மலைகளை வென்ற மிதிவண்டி வீரர்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா, கல்லாறு வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்து அவற்றை எண்ணிக்கொண்டே சென்ற மாணவர்கள் இவ்வகுப்பிலும் இருக்கலாம். 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டிகள் இம்மலையில்தான் நடைபெற்றன. பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலைத்தொடரில் ஆல்ப் துவெஸ் என்னும் இடத்திற்குச் செல்லும் சாலையிலும் ஏறத்தாழ இதே அளவில் 21 வளைவுகள் உண்டு. டூர் டி பிரான்ஸ் என்னும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயம் 1952ஆம் ஆண்டில் முதன்முறையாக அம்மலையில் ஏறியது. அன்று உச்சியை முதலில் அடைந்தவர் ஃபாஸ்டோ கோப்பி. அவருடைய வாழ்க்கையே இப்பாடம்.

கோப்பி 1919 செப்டம்பர் 15ஆம் நாள் இத்தாலியின் வடபகுதியில் உள்ள கஸ்தெல்லானியா என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். மெலிந்த உடல், நீண்ட கால்கள், கூடு போல் முன்தள்ளிய மார்பு. படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. சிறுவயதிலேயே அருகிலுள்ள நோவி லிகுரே என்னும் ஊரின் இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, வாடிக்கையாளர் வீடுகளுக்குப் பொருள்களை மிதிவண்டியில் கொண்டு சேர்த்தார். கப்பலில் பணியாற்றிய உறவினர் ஒருவர் தந்த பணம் நல்ல மிதிவண்டி ஒன்று வாங்க உதவியது.

அவ்வூரில் பியாஜோ கவான்னா என்னும் பார்வையற்ற பயிற்சியாளர் வாழ்ந்துவந்தார். வீரர்களின் கால் தசைகளைக் கைகளால் தடவிப் பார்த்தே அவர்தம் ஆற்றலை அறியும் திறன் அவருக்கு இருந்தது. கோப்பியின் ஆற்றலை முதலில் கண்டுகொண்டவர்களில் கண்ணில்லாத அவரும் ஒருவர் என்பது வியப்புக்குரியது. உணவு, உறக்கம், பயிற்சி அனைத்தையும் கவான்னாவே வகுத்தளித்தார்.

டூர் டி பிரான்சும், இத்தாலியின் ஜிரோ டி இத்தாலியாவும் ஒரு நாளில் முடியும் பந்தயங்கள் அல்ல. மூன்று வாரங்களுக்கு மேலாகவும் நீளும். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். எல்லாக் கட்டங்களிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, மிகக் குறைந்த நேரம் எடுத்தவரையே வெற்றியாளர் என்பர். முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துச் செல்வதால் பின்னால் வருபவருக்கு உழைப்புக் குறையும். ஆகவே ஒவ்வோர் அணியிலும் தலைவர் ஒருவர் இருப்பார். மற்றவர்கள் அவருக்கு முன்சென்று காற்றைத் தாங்குவர், தண்ணீர் கொணர்வர், அவருடைய சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தையே கழற்றித் தருவர். இத்துணைவீரர்களின் பெயர்கள் செய்தித்தாள்களில் அரிதாகவே இடம்பெறும்.

கோப்பியும் 1940இல் ஜினோ பர்தாலி என்னும் பெருவீரருக்குத் துணைவீரராகவே ஜிரோவில் இறங்கினார். தொடக்கத்திலேயே குறுக்கே வந்த நாயால் பர்தாலி விழுந்து காயமுற்றார். வாய்ப்பு இளையவரிடம் வந்தது. பர்தாலி மலைப்பாதைகளில் அவருக்கு ஊக்கமளித்து உடன்சென்றார். 20 வயதில் கோப்பி வெற்றி பெற்றார். பந்தயம் முடிந்த மறுநாளே இத்தாலி இரண்டாம் உலகப்போரில் இறங்கியது. வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட கோப்பி, 1943இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். ஒரு வீரனின் சிறந்த ஆண்டுகள் சில அவ்வாறு கழிந்தன.

போருக்குப் பின் இத்தாலியில் வீடுகளும் பாலங்களும் இடிந்து கிடந்தன. மக்கள் வானொலியில் மிதிவண்டிப் பந்தயச் செய்திகளை ஆவலுடன் கேட்டனர். நாடே கோப்பி பக்கம் என்றும் பர்தாலி பக்கம் என்றும் பிரிந்து வாதிட்டது. 1949 ஜிரோவில் கூனியோ முதல் பினெரோலோ வரை 254 கிலோமீட்டர். இடையில் ஐந்து மலைக்கணவாய்கள். முதற் கணவாயிலேயே கோப்பி பிரிந்து சென்று, எஞ்சிய 192 கிலோமீட்டரையும் தனியாகவே கடந்தார். இரண்டாவதாக வந்த பர்தாலி ஏறக்குறைய 12 நிமிடங்கள் பிந்தினார். அவ்வாண்டே கோப்பி டூர் டி பிரான்சையும் வென்றார். ஒரே ஆண்டில் இரண்டையும் வென்றவர் அதற்கு முன் எவரும் இலர்.

தனித்துச் செல்லும் வீரர் என்றே உலகம் அவரைப் போற்றியது. ஆனால் அவருடைய தம்பி செர்சேயும் அவர் அணியில் இருந்தார். அண்ணனின் கூச்சத்தையும் கவலையையும் போக்கும் கலகலப்பான இளைஞர் அவர். 1951 சூனில் தூரின் நகரப் பந்தயம் ஒன்றில் டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி விழுந்தார். எழுந்து பந்தயத்தையும் முடித்தார். அன்றே தலைக்காயத்தால் உயிர்நீத்தார். சில நாள்களில் தொடங்கிய டூர் பந்தயத்தில் துயரம் சுமந்து ஓட்டிய கோப்பிக்குப் பத்தாம் இடமே கிடைத்தது.

அடுத்த ஆண்டு டூரில் நிகழ்ந்ததொன்று நினைக்கத்தக்கது. அவருடைய துணைவீரர் ஆந்திரேயா கர்ரேயா, முன்னேறிய குழு ஒன்றைக் கண்காணிக்க உடன்சென்றார். குழு வெகுதூரம் முன்சென்றுவிட, முதலிடத்திற்குரிய மஞ்சள் சட்டை எதிர்பாராமல் அவருக்கே கிடைத்தது. வேறொருவராயின் துள்ளிக் குதித்திருப்பார். கர்ரேயாவோ தலைவருக்குரியதைத் தாம் எடுத்துக்கொண்டதாக எண்ணிக் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டார். கோப்பி மனமுவந்து வாழ்த்தினார். மறுநாள்தான் ஆல்ப் துவெஸ். அம்மலையில் வென்று மஞ்சள் சட்டையை அணிந்த கோப்பி, இறுதியில் 28 நிமிட முன்னிலையுடன் பந்தயத்தை வென்றார். பர்தாலியும் அவரும் தண்ணீர்ப் புட்டியைக் கைமாற்றிக்கொள்ளும் புகைப்படம் அப்பந்தயத்தில் எடுக்கப்பட்டது. யார் யாருக்குத் தந்தார் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இருவருக்கும் தாகம் இருந்தது என்பது மட்டும் உறுதி.

ஐந்து முறை ஜிரோ, இருமுறை டூர், 1953இல் உலக வாகையர் பட்டம் என வென்றபின் அவர் ஆற்றல் தளர்ந்தது. 1959 இறுதியில் நண்பர்களுடன் மேற்கு ஆப்பிரிக்காவின் அப்பர் வோல்டா நாட்டிற்கு (இன்றைய புர்க்கினா ஃபாசோ) ஒரு பந்தயத்திற்காகவும் வேட்டைக்காகவும் சென்றார். திரும்பியதும் கடுங்காய்ச்சல் கண்டது. உடன்சென்ற பிரெஞ்சு வீரர் ரஃபாயேல் ஜெமினியானியும் நோயுற்றார். அவருக்கு மலேரியா எனப் பிரான்சு மருத்துவர்கள் கண்டறிந்து உயிர்காத்தனர். இத்தாலி மருத்துவர்களோ கோப்பியின் நோயை மலேரியா என உணரவில்லை. கொசுவால் மலேரியா பரவுவதை ரொனால்டு ராஸ் நம் நாட்டுச் செகந்திராபாத்தில் 1897இலேயே ஆய்ந்து கண்டிருந்தார்; அந்நோய்க்குரிய மருந்தும் அன்று எளிதில் கிடைத்தது. உரிய மருந்து உரிய நேரத்தில் தரப்படாமல், 1960 சனவரி 2ஆம் நாள், 40 வயதில் கோப்பி மறைந்தார்.

1965 முதல் ஜிரோ பந்தயப் பாதையின் மிக உயரமான இடத்திற்குக் கோப்பியின் பெயரே வழங்கிவருகிறது. அவர் பிறந்த ஊரும் இன்று கஸ்தெல்லானியா கோப்பி எனப்படுகிறது. அவ்வூரில் அண்ணனும் தம்பியும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.