வேகக் காரை வேலைக்கு அனுப்பியவர்

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சீமான்களின் விளையாட்டுப் பொருள் என்று இருந்த காலம். அதைத் தினசரி வேலைக்கும் உதவும் வண்டியாக்கியவர், இங்கிலாந்து நாட்டுச் செசில் கிம்பர்.

1888-ல் லண்டனில் பிறந்தார். வாலிபத்தில் மோட்டார் சைக்கிள் விபத்து. ஒரு கால் குட்டையாகிவிட்டது. வேக ஆசை மட்டும் குறையவில்லை!

1921-ல் ஆக்ஸ்போர்டு 'மாரிஸ் கராஜ்' கம்பெனியில் சேர்ந்தார். அதன் பெயரால் 'எம்.ஜி.' கார்களை உருவாக்கினார். 1928-ல் 'மிட்ஜெட்' வந்தது. மரச்சட்டத்தில் துணி போர்த்திய குட்டி வண்டி. உள்ளே இருந்ததோ, 'மாரிஸ் மைனர்' குடும்பக் காரின் என்ஜின்! விலை 175 பவுன்தான். வார நாளில் வேலைக்கு, விடுமுறையில் பந்தயத்துக்கு என ஒரே கார் உதவியது.

1941-ல் யுத்த வேலை ஒன்றை மேலிடத்தைக் கேட்காமல் ஏற்றதற்காகக் கிம்பரை நீக்கிவிட்டார்கள்.

1945 பிப்ரவரி 4-ந் தேதி லண்டனில் ரெயில் விபத்து. இறந்த இருவரில் கிம்பரும் ஒருவர். காருக்காக வாழ்ந்தவரின் உயிர் ரெயிலில் பிரிந்தது!