பொப்பி மலர் தந்த வைத்தியக் கவிஞர்

போரிலே மாண்டவரை மலரோடு சேர்த்து நினைத்தல் தமிழருக்குப் புதியதன்று. வெட்சி, கரந்தை, தும்பை, வாகை எனப் போரின் நிலைகளுக்குப் பூக்களின் பெயரையே இட்டவர் நம் முன்னோர். வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டவரும் அவரே. மேல்நாட்டாருக்கும் அத்தகைய பூ ஒன்றுண்டு. அதுவே செந்நிறப் பொப்பி. அதற்கு அப்பெருமையைத் தேடித் தந்தவர் ஜோன் மக்கிரே என்னும் வைத்தியர். அன்னாரின் வரலாற்றை நம் வாலிபர்க்கு இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

மக்கிரே 1872 ஆம் ஆண்டு நவம்பர் 30 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் குவெல்ப் நகரிற் பிறந்தார். ரொறன்ரோ சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்றார். தென்னாபிரிக்க யுத்தத்திற் பீரங்கிப் படையில் கடமையாற்றித் திரும்பியபின், மொன்றியல் நகரில் நோயாளருக்கும் மாணவருக்கும் பணிபுரிந்து வந்தார். 1914 இல் முதலாம் உலக யுத்தம் மூண்டபோது அவருக்கு வயது 41. வீட்டில் இருந்திருக்கலாம், ஆயினும் பீரங்கிப் படைப்பிரிவின் வைத்தியராகக் களம் சென்றார்.

1915 ஏப்ரல் 22 இல் பெல்ஜியத்து ஈப்பர் நகரருகே ஜெர்மானியர் நச்சுப்புகையை ஏவினர். அக்களத்தில் மக்கிரே இரவு பகலாகக் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தார். மே 2 ஆம் நாள் அவருடைய நண்பர், 22 வயதே நிரம்பிய அலெக்சிஸ் ஹெல்மர், எறிகணை வீழ்ந்து மாண்டார். மதகுரு அங்கில்லாமையால் மக்கிரேயே நின்று இறுதிக் கிரியையை நடத்தி வைத்தார். அந்தத் துயரிற் பிறந்ததே, இறந்தவர் பேசுவதாக அமைந்த அவருடைய பாடல். அது அவ்வாண்டு டிசம்பரில் இலண்டனின் 'பஞ்ச்' சஞ்சிகையில் அவர் பெயரின்றியே வெளிவந்தது.

பொப்பி அக்களத்திற் பூத்ததற்குக் காரணமுண்டு. அதன் விதை நெடுங்காலம் மண்ணுள் உறங்கிக் கிடக்கும். மண் கிளறப்பட்டு ஒளி பட்டாலே முளைக்கும். குண்டுகளும் புதைகுழிகளும் கிளறிய நிலத்தில் அது செழித்து மலர்ந்தது.

மக்கிரே யுத்தத்தின் முடிவைக் காணவில்லை. 1918 ஜனவரி 28 இல் நியுமோனியாக் காய்ச்சலும் மூளைக்காய்ச்சலும் கண்டு பிரான்சிற் காலமானார். ஹெல்மரின் கல்லறையோ பிற்காலச் சண்டைகளில் அடையாளமின்றி அழிந்தது. இன்று ஈப்பர் வாயிலிற் பொறித்த பெயர் மட்டுமே உண்டு.

அப்பாடலைப் படித்த மொயினா மைக்கல் என்னும் அமெரிக்க மாது 1918 இல் பொப்பியை நினைவுச் சின்னமாக அணிந்தார். 1921 முதல் பிரித்தானியாவிலும் நவம்பர் 11 இல் பொப்பி விற்று முன்னாட் படைவீரருக்கு உதவினர். இலங்கையிலும் விற்றனர். பணத்திற் பெரும்பகுதி கடல் கடந்து செல்வதைக் கண்ட ஏலியன் பெரேரா 1931 இல் சூரியமல் விற்று நம் நாட்டு முன்னாட் படைவீரருக்கு உதவினார். 1933 முதல் வாலிபர் சங்கத்தார் அதனை ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் இயக்கமாகவே வளர்த்தனர். சூரியமல் என்பது வேறன்று; நம் வேலியில் நிற்கும் பூவரசின் மலரே.

மக்கிரேயின் பாடல் துயரத்தோடு நின்றுவிடவில்லை. இறுதியிற் போரைத் தொடருமாறும் கேட்கிறது. அதனாலேயே கனடாவிற் படைக்கு ஆட்சேர்க்கவும் யுத்தக் கடன் திரட்டவும் அது பயன்பட்டது. துயரத்தை நாம் ஏற்கிறோம். அவ்வேண்டுகோளை ஏற்கத் தயங்குகிறோம். 2009 வரை நீண்ட போரைக் கண்ட வன்னியிலே, ஹெல்மரைப் போலக் கல்லறையும் இல்லாது போனோர் பலர். அவர் எல்லோருக்கும் ஒரு பூ வைப்போம். வைத்த கையால், எஞ்சிய விதவைக்கும் அநாதைப் பிள்ளைக்கும் அங்கம் இழந்தோருக்கும் உதவுவோம். மாண்டவர்க்கு மலரும் வாழ்வோர்க்குக் கரமும் அளிப்பதே வாலிபர் கடனென்போம்.