கணக்கிட்டு உண்ட அம்மையார்

கலோரி என்னும் சொல்லை அறியாதார் இன்று நம் கல்லூரியில் இரார். பிஸ்கட் பொட்டலத்தின் மேலும் அதை அச்சிட்டு விற்கிறார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்த அச்சொல்லை அடுக்களைக்கு அழைத்து வந்த பெருமையில் பெரும்பங்கு டாக்டர் லூலு ஹண்ட் பீட்டர்ஸ் அம்மையாருக்கு உரியது.

1873-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்த இவர், 1909-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த காலம் அது. ஆனால் அவருக்கு வாய்த்த கடினமான நோயாளி அவருடைய உடலேதான். ஒரு சமயம் அவர் எடை 220 பவுண்டு. அதாவது ஏறத்தாழ 100 கிலோ!

உணவின் ஆற்றலை அளக்கும் வழியை அட்வாட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் முன்பே வகுத்திருந்தார். ஒரு கிராம் மாவுப்பொருளோ புரதமோ 4 கலோரி தரும். கொழுப்பு 9 தரும். பீட்டர்ஸ் இதை எல்லார்க்கும் எளிதாக்கினார். ஒவ்வோர் உணவையும் 100 கலோரி கொண்ட பங்குகளாகப் பிரித்து அட்டவணை தந்தார். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 100 கலோரி. அதே 100 கலோரிக்கு வெள்ளரிக்காயை அரைக் கிலோவுக்கு மேலும் தின்னலாம். இப்படிக் கணக்குப் பார்த்தே அவர் 70 பவுண்டு குறைந்தார்.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. மிட்டாய், கேக், வெண்ணெய், கொழுத்த இறைச்சி, பாலாடை எதையும் அவர் விலக்கவில்லை. பிடித்ததை உண்ணலாம், அதையும் கணக்கில் எழுதி, நாளுக்கு 1200 கலோரியில் நிறுத்த வேண்டும். நம் விடுதியில் எடை குறைய வேண்டிக் காலை இட்லியைக் கைவிட்டு, மாலையில் பசி தாளாமல் பஜ்ஜிக் கடைக்கு ஓடும் தோழியரைப் பார்க்கிறேன். அவர்களை எண்ணியே இதை எழுதலானேன். (இட்லியும் பஜ்ஜியும் அம்மையாரின் அட்டவணையில் இல்லை, நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்!)

இந்த முறையை விளக்கும் அவருடைய நூல் 1918-ல் வெளிவந்தது. முதல் உலகப் போர் நடந்த நேரம். நாட்டின் உணவுத் துறையை நடத்திய ஹூவருக்கு நூலைக் காணிக்கையாக்கினார். பருத்தவர்கள் கூடி வாரந்தோறும் எடை பார்க்க வேண்டும், குறையாதவர் தண்டம் கட்ட வேண்டும், அது செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போக வேண்டும் என்றும் அதில் யோசனை கூறினார். தாமும் அச்சங்கத்தோடு பால்கன் நாடுகளுக்குப் போய்த் தொண்டாற்றினார். எடை குறைக்கப் புத்தகம் எழுதிய கையோடு, உண்ண வழியற்றோரிடம் போய் நின்ற அந்தச் செயலை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

திரும்பியபின் செய்தித்தாள்களில் உணவுப் பகுதி எழுதினார். 1924, 1925 ஆகிய இரண்டாண்டுகளிலும் அமெரிக்காவில் கதையல்லாத நூல்களுள் மிகுதியாக விற்றது அவருடையதே.

அவர் சொன்ன யாவும் எனக்கு உடன்பாடில்லை. ஐந்தடி உயரத்துக்கு 110 பவுண்டு, அதற்குமேல் அங்குலத்துக்கு ஐந்தரை பவுண்டு என்று எல்லார்க்கும் ஒரே அளவுகோல் வைத்தார். எலும்பும் உழைப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும் அல்லவா? 1200 கலோரியும் வளரும் வயதினருக்குப் போதாது. மருத்துவரைக் கேளாமல் நம் தோழியர் அதைப் பின்பற்றலாகாது. பருத்தவர்களை அவர் சற்று மிகையாகவே கேலி செய்கிறார். தாமும் அவ்வழி வந்தவர் என்ற உரிமை போலும்!

1930-ல் இலண்டன் மாநகரில் நிமோனியா கண்டு அம்மையார் காலமானார்.