தளராத் தலைவர் ஷாக்கிள்டன்

ஒரு குழுவின் ஊக்கம் பெரும்பாலும் அதன் தலைவனுடைய உள்ளத்தினின்றே ஊற்றெடுக்கின்றது. அவன் சோர்வுற்றால் வலியாரும் சோர்வர். அவன் நிமிர்ந்து நின்றால் மெலியாரும் நிமிர்வர். இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாவது, தென்துருவப் பிரதேசத்தை ஆராயச் சென்ற ஸர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் என்பாரின் வரலாறு. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1874-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்திற் பிறந்தார். 16-ஆம் வயதிலேயே வணிகக் கப்பலிற் சேர்ந்து கடல்வாழ்வு மேற்கொண்டார். 1901-இல் காப்டன் ஸ்காட்டுடன் தென்திசை சென்று, நோயுற்றமையால் இடையே திருப்பி அனுப்பப்பெற்றார். பின்னர்த் தாமே ஒரு குழுவுக்குத் தலைவராகி, 1909 ஜனவரியில் துருவத்திற்கு 97 கடல்மைல் வரையிற் சென்றார். உணவோ குறைந்துவிட்டது. மேற்செல்லின் புகழுண்டு, மீளுதல் அரிது எனத் தெளிந்து, உடன்வந்த மூவரின் உயிரையே பெரிதெனக் கருதித் திரும்பினார். 1911-இல் ஆமுண்ட்ஸென் துருவத்தை எய்திவிடவே, அக்கண்டத்தை ஒரு கரையினின்று மறுகரை வரை கடப்பதே தம் குறிக்கோளெனக் கொண்டார்.

இதன்பொருட்டு 1914-இல் 'எண்டூரன்ஸ்' என்னும் கப்பலிற் புறப்பட்டார். 1915 ஜனவரியில் வெட்டெல் கடலின் பனிக்கட்டிகள் கப்பலைச் சூழ்ந்து இறுகப் பற்றின. பத்துத் திங்கள் நெருக்குண்ட கப்பல் சிதைந்து, நவம்பரில் நீருள் மூழ்கிற்று. தலைவருள்ளிட்ட 28 பேர் மிதக்கும் பனிமேல் நின்றனர். கொண்ட குறிக்கோள் அழிந்தது. ஆயினும் அவர் அதற்காக இரங்கிக் காலங் கழித்தாரில்லை. அனைவரையும் உயிருடன் வீடு சேர்ப்பதே இனித் தம் கடமையெனத் துணிந்தார்.

பொருள்களைக் குறைக்க வேண்டியிருந்தபோது, தம் பொற்காசுகளை யாவருங் காணப் பனியில் எறிந்தார். ஆனால் ஒருவருடைய பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியை மாத்திரம், மனத்திற்கு மருந்தாகும் என்று உடன் கொண்டுவரச் செய்தார். முறுமுறுக்கும் இயல்பினரைத் தம் கூடாரத்திலேயே தங்கச் செய்து, அவர்தம் மனக்கசப்புப் பிறரிடம் பரவாமற் காத்தார். ஒருவன் குளிரால் வாடக் கண்டால், அவன் நாணாவண்ணம் எல்லார்க்கும் சூடான பால் வழங்கச் செய்வார்.

1916 ஏப்ரலில் படகுகளேறி எலிபண்ட் தீவை அடைந்தனர். அங்கும் உதவி கிட்டாமையால், ஐவரைத் துணைக்கொண்டு, 22 அடிக்குச் சிறிது மிக்க நீளமுள்ள படகொன்றில் கொந்தளிக்குங் கடலில் சுமார் 800 கடல்மைல் சென்று தென் ஜார்ஜியாவிற் கரையேறினார். பின்னர் இருவருடன் அத்தீவின் பனிமலைகளைக் கடந்தார். வழியில் அவ்விருவரும் அயர்ந்து உறங்கினர். தாமும் உறங்கின் மூவர்க்கும் மரணமே என்றுணர்ந்த அவர், ஐந்து நிமிஷத்தில் அவர்களை எழுப்பி, அரைமணி நேரம் உறங்கிவிட்டதாகக் கூறினார். அவர்கள் அதனை நம்பி ஊக்கத்துடன் நடந்தனர்! தீவில் விடப்பட்ட 22 பேரை மீட்க அவர் செய்த முயற்சிகள் மும்முறை பனியால் தடைப்பட்டன. நான்காம் முறை, சிலி நாட்டுக் கப்பலொன்றில் சென்று, ஆகஸ்டு 30-ஆம் நாள் அனைவரையும் உயிருடன் மீட்டார்.

இவர்பாற் குறையில்லையென்று நாம் கூறோம். படகைச் செப்பனிட்டு உயிர்காத்த தச்சர், பனிமேல் ஒருமுறை தம் ஆணையை எதிர்த்தாரென்பதற்காக, அவருக்குப் பதக்கம் கிடைக்கப் பரிந்துரைத்தாரில்லை. கண்டத்தின் மறுபுறம் உணவு சேமித்து வைக்க இவர் அனுப்பிய குழுவில் மூவர் இறந்தனர். தலைவனுடைய உறுதி அவன் அருகிலிருப்பார்க்கே பெரிதும் பயன்படும்; தொலைவிலிருப்பார்க்கு முன்னேற்பாடும் வேண்டும் என்பதை இது நமக்குக் காட்டுகின்றது.

1922 ஜனவரி 5-ஆம் நாள், மற்றொரு பயணத்திடையே, தென் ஜார்ஜியாவில் ஷாக்கிள்டன் தமது 47-ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார். அங்கேயே அடக்கஞ் செய்யப்பெற்றார். அவருடைய கப்பல் 2022-இல் சுமார் 3,000 மீட்டர் ஆழத்திற் கண்டுபிடிக்கப்பட்டது.

அவர் துருவத்தை அடைந்தாரல்லர், கண்டத்தைக் கடந்தாரல்லர். எனினும் அவருடன் பனியில் நின்ற 27 பேரும் வீடு திரும்பினர். விளையாட்டுக் குழுவாயினும், மாணவர் சங்கமாயினும், நாளை நாம் ஏற்கும் அலுவலாயினும், நம் முகத்தை நோக்கி நிற்போர் சிலர் இருப்பர். அவர்முன் நம் சோர்வை அடக்கிக்கொள்வதும் தலைமைக் கடமைகளுள் ஒன்றென நாம் உணர்வோமாக.