2060-ல் உலகம் அழியும்னு நியூட்டன் சொன்னாரா? உண்மை இதுதான்!

2060-ல் உலகம் முடிந்துவிடும், கணித்தவர் ஐசக் நியூட்டன். வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் தகவல் இது. படித்ததும் புருடான்னுதான் தோணும். ஆனால் அந்த ஆண்டை அவர் தன் கைப்பட எழுதியது நிஜம். எழுதிய காரணம்தான் வேற.

இங்கிலாந்தின் உல்ஸ்தோர்ப் கிராமத்தில், அன்றைய காலண்டர்படி 1642 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தார் நியூட்டன். பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். மூன்று வயதில் அம்மா மறுமணம் செய்துகொள்ள, பாட்டியிடம் வளர்ந்தார். 26 வயதில் கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியர். ஆப்பிள் கதை உங்களுக்கே தெரியும், விடுங்க.

1687-ல் வந்த பிரின்சிபியா நூலில், ஈர்ப்பு விசை என்ற ஒரே விதிக்குள் பூமியையும் வானத்தையும் கொண்டுவந்தார். சூரியன் ஒரு நட்சத்திரம் அளவுக்கு மங்கலாகத் தெரிய எவ்வளவு தூரம் தள்ளிப்போக வேண்டும் என்று, சனி கிரகத்தின் வெளிச்சத்தை வைத்தும் கணக்குப் போட்டார். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் பல லட்சம் மடங்கு என்று விடை வந்தது. இன்றைய அளவீட்டில், சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமே சுமார் 2.7 லட்சம் மடங்கு தொலைவில் இருக்கிறது.

இவ்வளவு பெரிய வானத்தை அளந்தவர், ராத்திரியில் பைபிள் தீர்க்கதரிசனங்களையும் அளந்துகொண்டிருந்தார். அதுவும் ரகசியமாக! கடவுள் திரித்துவம் என்ற திருச்சபைக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. வெளியே சொன்னால் வேலை போய்விடும். அவருக்குப் பின் அதே பதவிக்கு வந்த வில்லியம் விஸ்டன் அதை வெளிப்படையாகச் சொல்லி, 1710-ல் பதவியை இழந்தார்.

சரி, 2060 எப்படி வந்தது? பைபிளில் வரும் 1260 நாட்களை 1260 ஆண்டுகளாக எடுத்துக்கொண்டார். போப்பின் ஆட்சி அதிகாரம் 800-ல் தொடங்கியதாக வைத்தார். இரண்டையும் கூட்டினால் 2060. ஆனால் அதற்குப் பிறகும் ஆகலாம், அதற்கு முன் ஆக வாய்ப்பில்லை என்பதே அவர் முடிவு. இதோ உலகம் அழியப்போகுது என்று தேதி குறித்துக்கொண்டே இருந்தவர்களின் வாயை அடைக்கத்தான் இந்தக் கணக்கு. தேதி பொய்த்தால் வேதத்துக்கே கெட்ட பெயர் என்பது அவர் கவலை. முடிவு என்று அவர் நினைத்ததும் பூமி தூளாவதை அல்ல. கிறிஸ்துவின் ஆட்சி பூமியில் தொடங்குவதை.

பூமி எரிந்துபோவது பற்றி அவர் பேசியது தனிக்கதை. 1725-ல், முதுமையில், தங்கை மகளின் கணவர் முறையில் உறவான ஜான் காண்டூட்டிடம் பேசும்போது, 1680-ல் தெரிந்த பெரிய வால்நட்சத்திரம் இன்னும் ஐந்தாறு சுற்றுக்குப் பின் சூரியனில் விழலாம், அந்த வெப்பத்தில் பூமியில் உயிர்கள் மிஞ்சாது என்றார். இதில் வேதம் இல்லை, சுற்றுப்பாதைதான். ஒரு சுற்றுக்கு 575 ஆண்டுகள் என்பது அன்றைய கணக்கு. 2060-க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

1727-ல் நியூட்டன் இறந்தார். அச்சிடத் தகாதவை என்று ஒதுக்கப்பட்ட அவரது காகிதங்கள் குடும்பத்தாரிடமே கிடந்து, 1936-ல் லண்டனில் ஏலம் போயின. மதம் பற்றிய பெரும்பகுதி இப்போது ஜெருசலேமில், இஸ்ரேல் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 2003-ல் அதிலிருந்த 2060 மட்டும் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. ஏன் எழுதினார் என்பது தலைப்பில் வரவில்லை.