4,000 பவுண்டுக்கு வாங்கிய ஜிம்மி டெலானி

நம் குடியிருப்பில் சனி, ஞாயிறு இரவுகளில் எந்த வீட்டில் இங்கிலாந்து கால்பந்து ஓடுகிறது என்பதை வராந்தாவில் நடந்துபோனாலே சொல்லிவிடலாம். கோல் விழுந்தால் மூன்று மாடிக்குக் கேட்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள். ரொனால்டோ, பெக்காம், ஜார்ஜ் பெஸ்ட் வரை விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கிளப்பை நிமிர்த்திய மேலாளர் மேட் பஸ்பி காசு கொடுத்து வாங்கிய முதல் ஆட்டக்காரர் யார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சரி, இந்த இதழுக்கு விஷயம் கிடைத்தது என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஜிம்மி டெலானி 1914-இல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் பகுதியில் கிளீலண்ட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். 1933-இல் கிளாஸ்கோவின் செல்டிக் கிளப்பில் சேர்ந்தார். வலது விங்கர். அதாவது மைதானத்தின் வலது ஓரக்கோட்டை ஒட்டி ஓடி, தடுப்பவரைத் தாண்டிப் போய், பந்தை நடுவில் நிற்பவருக்கு அனுப்பும் வேலை. டெலானி நல்ல வேகம். 1937-இல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் அபர்டீன் அணியை 2-1 என்று செல்டிக் வென்றபோது அவர் அதில் ஆடினார். கூட்டம் ஒன்றரை லட்சத்தை நெருங்கியது.

விங்கருக்கு அடி அதிகம். முழு வேகத்தில் ஓடுகிறவனை நிறுத்த எளிய வழி கீழே தள்ளுவதுதான். அந்தக் காலத்தில் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எதுவும் கிடையாது. மாற்று ஆட்டக்காரரும் கிடையாது. ஒருவர் அடிபட்டு வெளியே போனால் மிச்சம் பத்துப் பேர்தான் ஆட வேண்டும்.

1939 ஏப்ரல் 1. அர்புரோத் அணியோடு ஆட்டம். டெலானி கீழே விழுந்தார், கையின் மேல் ஒருவர் கால் விழுந்தது. எலும்பு நொறுங்கிவிட்டது. கையையே எடுத்துவிடலாமா என்று மருத்துவர்கள் யோசிக்கும் அளவுக்கு மோசம். பெனிசிலின் புழக்கத்துக்கு வராத நாள்கள் அவை. நல்லவேளை, கை தப்பியது. ஆனால் மறுபடி மைதானத்துக்கு வர 1941 ஆகஸ்ட் ஆகிவிட்டது. விழுந்தபோது வயது 24, எழுந்து வந்தபோது 27-ஐ நெருங்கிவிட்டார். ஒரு விங்கருக்கு இதைவிட அருமையான வருடங்கள் இல்லை. அதற்குள் உலகப் போர் வேறு வந்து, வழக்கமான போட்டிகளெல்லாம் நின்றுபோயின.

கை ஆறியது, பேர் ஆறவில்லை. எலும்பு உதிர்கிற ஆசாமி என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது, தவணை தவறியவர்களின் ஃபைலில் சிவப்பு மையில் குறிப்பு எழுதுவது என் வேலை. பிறகு பத்து வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் அடுத்த அதிகாரி கண்ணில் முதலில் படுவது அந்தச் சிவப்பு மைதான். எத்தனை பேருக்கு அப்படி எழுதினேனோ!

1946 பிப்ரவரியில் பஸ்பி டெலானியை 4,000 பவுண்டு கொடுத்து வாங்கினார். செல்டிக்கோடு சம்பளத் தகராறு என்பதால் டெலானியும் வரத் தயாராக இருந்தார். வயது 31. மான்செஸ்டர் ரசிகர்களுக்கு இந்தப் பேரம் பிடிக்கவில்லை. யுனைடெட் அப்போது இருந்த நிலைமை அப்படி. 1941-இல் ஜெர்மன் குண்டு விழுந்து ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம் பாழாகிக் கிடந்தது. பக்கத்துக் கிளப்பான சிட்டியின் மைதானத்தில் வாடகைக்கு ஆடினார்கள். வங்கியில் கடன். இந்த லட்சணத்தில் வயதான, எலும்பு முறிந்த ஒருவருக்கு 4,000 பவுண்டா?

இரண்டே மாதத்தில், ஏப்ரலில், கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டம். போர் முடிந்த வெற்றியைக் கொண்டாட நடத்தியது. ஒன்றே கால் லட்சத்துக்கும் மேல் கூட்டம். கடைசி நிமிடம் வரை கோலே இல்லை. டெலானி ஒன்று போட்டார். 1-0.

யுனைடெட்டிலும் அவர் நொறுங்கவில்லை. 1947, 1948, 1949 என்று மூன்று வருடம் தொடர்ந்து லீக்கில் இரண்டாமிடம். 1947-இல் லிவர்பூலிடம் ஒரே புள்ளியில் முதலிடம் போயிற்று. 1948-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், வெம்பிளியில், பிளாக்பூல் அணியோடு. இரு அணியிலும் வலது விங்கில் பெரிய மனிதர்கள்: அங்கே ஸ்டான்லி மேத்யூஸ், இங்கே டெலானி. கடைசி இருபது நிமிடம் வரை பிளாக்பூல் 2-1 என்று முன்னால் இருந்தது. பிறகு ரௌலி, பியர்சன், ஆண்டர்சன் என்று மூன்று கோல். 4-2. 1911-க்குப் பிறகு யுனைடெட் வென்ற முதல் பெரிய பரிசு அது.

1950 நவம்பரில் அவரை அபர்டீனுக்கு விற்றார்கள். விலை 3,500 பவுண்டு. வணிகவியல் படித்தவன் என்பதால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஏறக்குறைய ஐந்து வருடம், 184 ஆட்டம், 28 கோல். தேய்மானம் 500 பவுண்டு. சம்பளத்தை விட்டுவிட்டால் ஒரு ஆட்டத்துக்கு மூன்று பவுண்டுகூட ஆகவில்லை. 1952-இல் யுனைடெட் லீக்கை வென்றபோது அவர் அங்கே இல்லை.

அதன் பிறகும் அவர் ஓய்வதாக இல்லை. ஃபால்கிர்க், பிறகு வட அயர்லாந்தில் டெர்ரி சிட்டி. 1954-இல் ஐரிஷ் கோப்பை இறுதி ஆட்டம் கிளென்டோரனோடு இரண்டு முறை டிரா ஆகி, மூன்றாம் முறை டெர்ரி 1-0 என்று வென்றது. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வட அயர்லாந்து, மூன்று கோப்பைப் பதக்கமும் ஒருவரிடம்.

நாலாவதும் கிட்டத்தட்ட கையில் வந்தது. 1956-இல் அயர்லாந்துக் குடியரசில் கார்க் அத்லெடிக் அணிக்கு ஆட்டக்காரரும் மேலாளரும் அவரே. வயது 41. அங்கேயும் கோப்பை இறுதி ஆட்டம். ஷாம்ராக் ரோவர்ஸுக்கு எதிராக 2-0 என்று முன்னால் இருந்து, கடைசிக் கட்டத்தில் மூன்று கோல் வாங்கி 2-3 என்று தோற்றார்கள். மறுவருடம் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.

பிறந்த கிளீலண்டிலேயே 1989 செப்டம்பரில், 75-ஆம் வயதில் காலமானார்.