மிதிவண்டிப் பெரியவர் வெலோசியோ
பத்தாம் வகுப்பு மாணவி

சைக்கிள் ஓட்டத் தெரியாத மாணவி நம் பள்ளியில் அநேகமாக இருக்கமாட்டாள். ஆனால் சைக்கிளில் பள்ளிக்கு வர வீட்டில் அனுமதி பெற்றவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். சுந்தரபாண்டியத்திலிருந்து வரும் எங்கள் கூட்டத்தில் ஐந்து பேரிடம் சைக்கிள் உண்டு. சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒருநாள், பின்னால் வந்த லாரியின் ஹாரன் சத்தத்தில் எங்களில் ஒருத்தி பதறிப்போய், சாலையை விட்டு இறங்கி முள்வேலியில் விழுந்தாள். முழங்கையில் நான்கு தையல். அன்று மாலையே ஐந்து சைக்கிள்களும் திண்ணைக்கும் தொழுவத்திற்கும் போய்ச் சேர்ந்தன. மறுநாள் முதல் பஸ்தான். பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தால் அதுவே பெரும் பாக்கியம்.

அந்தச் சமயத்தில்தான் புவியியல் வகுப்பில் சிஸ்டர் ஒரு செய்தி சொன்னார்கள். பிரான்சு நாட்டிலே மோட்டார் வண்டி எதுவும் நுழையக்கூடாத பாதைகள் உண்டு. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் திராட்சைத் தோட்டங்களின் நடுவிலும் அவை செல்கின்றன. குழந்தைகளும் பாட்டிமாரும்கூட அவற்றில் அச்சமின்றிச் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்றார்கள். எங்களுக்குப் பொறாமையாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சைக்கிளில் ஊர் சுற்றிப் பார்க்கும் பழக்கத்தை அந்நாட்டாருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று தேடினோம். போல் த விவி என்ற பெரியவர் கிடைத்தார். வெலோசியோ என்பது அவர் எழுதிய புனைபெயர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவர் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், பிரான்சின் தெற்கே ப்ரோவான்ஸ் பகுதியில் பெர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் பட்டு வணிகம் கற்று, முப்பது வயதுக்குள் சொந்தக் கடை வைத்துவிட்டார். அவர் வாழ்ந்த சேந்த் எத்தியென் நகரம் நாடா நெசவுக்கும் துப்பாக்கித் தொழிலுக்கும் பெயர் பெற்றது. இராஜபாளையத்தில் நூல் ஆலைகளும் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணியும் எப்படியோ, அப்படி அங்கே நாடா.

1881இல் அவர் ஒரு சைக்கிள் வாங்கினார். அது நாம் அறிந்த சைக்கிள் அன்று. முன்சக்கரம் ஆள் உயரம். பின்சக்கரம் தட்டு அளவு. ஏறி உட்கார்வதே ஒரு வித்தை. கல்லில் மோதினால் தலைகுப்புற விழவேண்டியதுதான். ஒரு நண்பர், ஆறு மணி நேரத்தில் நூறு கிலோமீட்டர் போக முடியுமா என்று சவால் விட்டார். புறப்பட்ட வழி மலைநாட்டின் ஊடே சென்றது. நாள் முழுவதும் கணக்குப் புத்தகத்தில் தலை கவிழ்ந்திருந்த மனிதர் அன்றுதான் மலைக்காற்றையும் காட்டையும் நன்றாகக் கண்டார் போலும். அதன்பின் அவர் மனம் பட்டில் ஒட்டவில்லை.

1887ஆம் ஆண்டு, நன்றாக நடந்துகொண்டிருந்த பட்டு வணிகத்தை விற்றுவிட்டார்! விற்ற பணத்தில் ஒரு சைக்கிள் கடை வைத்தார்; லெ சிக்ளிஸ்த் என்ற பத்திரிகையையும் தொடங்கினார். லாபத்தை விட்டுவிட்டு இப்படிச் செய்பவரை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எழுத வேண்டியதில்லை. முதலில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்து வண்டிகளை வரவழைத்து விற்றார். இரண்டு சக்கரமும் ஒரே அளவாய், செயின் பூட்டிய வண்டி 1885இல்தான் அங்கே உருவாகியிருந்தது. 1889இல் கோல்வாஸ் என்ற பெயரில் தாமே வண்டி செய்தார்.

சேந்த் எத்தியெனுக்குத் தெற்கே ரெபுப்ளிக் கணவாய் இருக்கிறது. உயரம் 1,161 மீட்டர். ஒருநாள் அவர் மூச்சு வாங்க அதில் ஏறிக்கொண்டிருந்தபோது, அவருடைய வாசகரான ஓர் இளைஞர் வாயில் புகைக்குழாயுடன் சாவதானமாக அவரைத் தாண்டிப் போனாராம். இளமையை இனித் திரும்பப் பெற முடியாது. வண்டியை மாற்ற முடியுமல்லவா? அந்த எண்ணத்தில் பிறந்ததே கியர் பற்றிய அவரது ஆராய்ச்சி.

இதை விளங்கிக்கொள்ள நாங்கள் தொழுவத்தில் கிடந்த சைக்கிளில் பற்களை எண்ணினோம். பெடலோடு சேர்ந்த பெரிய பல்சக்கரத்தில் 44, பின்சக்கரத்தில் 18. ஆகவே பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். சமதரையில் அது நல்லது. ஆனால் மேட்டில் அதே இரண்டரைச் சுற்றுக்கும் நம் கால்தான் பலம் தரவேண்டும். முன்னும் பின்னும் 22 பற்கள் இருந்தாலோ ஒரு மிதிக்கு ஒரே சுற்று. மெதுவாகத்தான் போகும், ஆனால் முழங்கால் நோகாது. வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்குகிறோம், அவ்வளவுதான் கணக்கு. அவர் முதலில் ஒரே வண்டியில் இரண்டு பல்சக்கரங்களைப் பூட்டினார். இறங்கி நின்று செயினைக் கையால் மாற்ற வேண்டும்; கையெல்லாம் கிரீஸ். பிறகு வேகங்களைக் கூட்டி, இறங்காமலே செயினை நகர்த்தும் கருவிகளையும் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார். தாம் கண்டதையெல்லாம் பத்திரிகையில் எழுதினார்.

நாடு அவரைக் கொண்டாடியதா? இல்லை. பந்தய வீரர்கள் நகைத்தார்கள். கியர் என்பது பலவீனர்களுக்கு என்பது அவர்கள் எண்ணம். 1902ஆம் ஆண்டு பிரான்சின் சுற்றுலாச் சங்கம் பிரனே மலையிலே சைக்கிள்களுக்கு ஒரு சோதனைப் பயணம் நடத்தியது. அதில் மார்த் எஸ் என்ற பெண்மணி மூன்று கியர் கொண்ட கோல்வாஸ் வண்டியில் கலந்துகொண்டார். மலைப்பாதையில் தரையில் காலே ஊன்றாமல் அவர் ஏறிவிட்டதாக அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிரான்ஜ் என்ற பத்திரிகையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. கியர் வண்டி நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கே பொருந்தும் என்று ஏளனமாக எழுதினார். அந்தப் பந்தயத்தில் செயினை நகர்த்தும் கியருக்கு அனுமதி கிடைத்தது 1937இல்தான்! மார்த் எஸ் அம்மையாரின் பிற்கால வாழ்க்கையைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த நூலில் ஒரு வரிகூட இல்லை. அதில் எங்களுக்கு வருத்தம்தான்.

வெலோசியோ ஏளனத்துக்கு விடை எழுதியது குறைவு. ஓட்டிக் காட்டியது அதிகம். ஈஸ்டர் விடுமுறை வந்தால் நண்பர்களுடன் தெற்கே ப்ரோவான்ஸ் வரை புறப்பட்டுவிடுவார். ஐம்பது வயதுக்கு மேலும் இரவெல்லாம் ஓட்டியிருக்கிறார். புலால் உண்ணமாட்டார். விடியுமுன் எழுந்து பழைய கிரேக்க நூல்களைப் படிப்பார். பயணம் செய்வோருக்கு அவர் வகுத்த ஏழு விதிகள் பெயர் பெற்றவை. பசிக்குமுன் உண்ண வேண்டும், தாகம் வருமுன் குடிக்க வேண்டும் என்பது ஒன்று. சாப்பாடும் தூக்கமும் கெடும் அளவுக்குக் களைக்கக்கூடாது என்பது மற்றொன்று. பிறர் மெச்ச வேண்டுமென்று பெருமைக்காக மிதிக்கக்கூடாது என்பது கடைசி விதி. எங்களில் ஒருத்தி, ஆண்பிள்ளைகளின் சைக்கிளைக் கண்டால் உடனே எழுந்து நின்று மிதிப்பாள். இதை அவளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெலோசியோ சைக்கிள் ஏறிய காலத்தில் பிரான்சில் மோட்டார் கார் இல்லை என்றே சொல்லலாம். மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் போக, புழுதி படிந்த வெண்ணிறச் சாலை முழுவதும் அவருக்கே சொந்தம். அவர் முதியவரானபோது சாலை கார்களுக்குச் சொந்தமாகியிருந்தது. 1930ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், எழுபத்தாறாம் வயதில், சேந்த் எத்தியென் தெருவில் சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு நடந்தார். ஒரு காருக்கு ஒதுங்கிப் பின்வாங்கினார். டிராம் வண்டி மோதியது. அப்படியே அவர் வாழ்வு முடிந்தது. எத்தனையோ கணவாய்களை இரவில் தனியே கடந்த மனிதர்!

அவர் உயிரோடிருந்தபோதே, 1922 முதல், ஆண்டுக்கு ஒருமுறை வெலோசியோ தினம் என்று மக்கள் ரெபுப்ளிக் கணவாய்க்குச் சைக்கிளில் ஏறி வந்தார்கள். இன்று அவருக்கு அங்கே நினைவுச் சின்னமும் உண்டு. 1936இல் பிரான்சின் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமானது. அந்தக் கோடையில் ஆலைத் தொழிலாளர்கள் பலர், கணவனும் மனைவியுமாய், சைக்கிளில் கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். வெலோசியோ அதைக் காண ஆறு ஆண்டுகள் பிந்தாமல் போயிற்றே!

சிஸ்டர் சொன்ன பாதைகள் வெகு பிற்காலத்தவை. பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை ரயில் ஓடாமல் கிடந்த பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, 1997இல் 44 கிலோமீட்டருக்குப் பாதை அமைத்தார்கள். பசும்பாதை என்று அதற்குப் பெயர். ரயில் செங்குத்தான மேட்டில் ஏறாது. ஆகவே ரயில்பாதையை ஆரம்பத்திலேயே மலையைச் சுற்றி மெல்ல உயருமாறு போட்டிருப்பார்கள். அந்தச் சாய்வுதான் இன்று சைக்கிளுக்கு வரமாக வாய்த்தது. கியர்கூட அதிகம் தேவைப்படாது. வழியில் திராட்சைத் தோட்டங்கள். பாடல்களால் உலகெங்கும் அறியப்பட்ட தேசே கிராமம். முடிவில், 910ஆம் ஆண்டு நிறுவப்பட்ட க்ளூனி துறவு மடம். இப்போது லுவார் ஆற்றோரமும் ரோன் ஆற்றோரமும் இத்தகைய நெடும்பாதைகள் செல்கின்றன.

நம் ஊர் வழியாகப் போகும் ரயில்பாதையில் ரயில் ஓடுகிறது. அதைக் கேட்க முடியாது. ஆனால் கண்மாய்க்கரை இருக்கிறதே! ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், எதிரே மேற்கு மலை. லாரி ஏறாது. சுற்றுவழிதான், பதினைந்து நிமிடம் கூடுதலாகும். கரை முடிந்தபின் பெரிய சாலையில் சிறிது தூரம் உண்டு. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். வீட்டில் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டியபோது, அப்பத்தா டிராம் என்றால் என்ன என்று கேட்டார்கள். அப்பா கரை எவ்வளவு அகலம் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தாமே போய்ப் பார்த்தும் வந்தார். கார்த்திகை மழையில் கரை சேறாகிவிடும், ஆகவே தை பிறந்தபின் ஐந்து பேரும் சேர்ந்தே போகவேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. இரண்டு வண்டிகளுக்கு டியூப் மாற்ற வேண்டும்.